இரவல் பெயரில் பதின்மூன்று வருஷம்

பல்மிட்டோ, கலிபோர்னியா
4 நவம்பர் 2018

அன்புள்ள அக்கா ஒப்துலியாவுக்கு,

மாதாவின் கருணையால் நானும் குழந்தையும் சுகம். லாஸ் வேகாஸில் நீயும் மச்சானும் டலிலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நான்கு தடவை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நான் தாடி முளைத்த பிறகு எழுதக் கற்றவன், கோணலைப் பொறுத்துக்கொள்.

யுரிடியா வரும் ஜூனில் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. நர்ஸ் படிப்புக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்கிறார்கள். இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. நான் வேலை செய்கிற திராட்சைத் தோட்டத்தில் எல்லோரும் அதை 'ஐந்நூற்று நாற்பது' என்றுதான் சொல்வார்கள். இந்த மாநிலத்தில் மூன்று வருஷம் பள்ளியில் படித்து முடித்திருந்தால், குடியேற்றக் காகிதம் இல்லாத பிள்ளைக்கும் உள்ளூர்க்காரருக்கான கட்டணம்தான். ஏழை என்றால் மாநிலமே உதவித்தொகையும் கொடுக்கும். நம் பிள்ளை மூன்று இல்லை, பதின்மூன்று வருஷம் படித்திருக்கிறாள். ஆனால் பள்ளிப் பதிவில் அவள் பெயர் டலிலா மொந்தெரோ. உன் மகளின் பிறப்புச் சான்றிதழில்தானே அவளைச் சேர்த்தோம்.

டலிலாவின் தாய் நீ. "இந்தப் பள்ளியில் படித்தது என் மகள் இல்லை, என் தம்பி மகள் யுரிடியா" என்று நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெயரை மாற்றிவிடுவார்கள். உதவித்தொகைக்குக் கடைசி நாள் மார்ச் இரண்டு. ஒரே ஒரு கையெழுத்து, அக்கா.

உன் தம்பி
பிதென்சியோ சந்தியாகோ

லாஸ் வேகாஸ், நெவாடா
15 நவம்பர் 2018

தம்பிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினாறு ஹோட்டல் அறை துடைக்கிறவளின் முழங்கால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? கேட்க வந்துவிட்டாய்.

"சேர்த்தோம்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த "தோம்" யார்? என் அலமாரியில் இருந்த என் மகளின் சான்றிதழை நீ எடுத்தாய். நீ கொண்டுபோனாய். நீ கொடுத்தாய். ஒரு மகளைப் பெற்ற எனக்குக் கலிபோர்னியாவில் இன்னொரு டலிலா இருப்பதே பின்னால்தான் தெரியும். திருட்டு மாங்காய் தின்றவன் பல் கூசுகிறது என்று தோட்டக்காரனிடமே வந்து அழுவதா?

உன் சட்டத்தைப் பற்றி இங்கேயும் கேள்விப்பட்டேன். வழி திறந்தவுடன் குடியேற்றத்துக்கு விண்ணப்பிப்பேன் என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்களாமே. எந்த வழி? இருபது வருஷமாக எவன் திறந்தான்? பஸ்ஸே ஓடாத ஊருக்கு முதலில் டிக்கெட் வாங்கி வைத்துக்கொள் என்கிறார்கள். படிக்கலாமாம், பாஸ் பண்ணலாமாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாதாம். இந்த அழகான சட்டத்துக்கு நான் கையெழுத்து வேறு போட வேண்டுமா? முதுகெலும்பு இல்லாதவனுக்குப் பிள்ளை மட்டும் கெட்டிக்காரியாகப் பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

குழந்தைக்கு என் ஆசி.

ஒப்துலியா

பல்மிட்டோ
9 டிசம்பர் 2018

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். பனிமூட்டம் இறங்கிவிட்டது. புதன்கிழமை மாதா திருவிழா, உனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தப்பு என்மேல்தான் என்று வைத்துக்கொள். அதைப் பற்றி நான் வாதாடவில்லை.

பள்ளியில் மாணவர் ஆலோசகர் ஒரு வெள்ளைக்காரம்மா, திருமதி ஹால்வர்சன். அவரிடம் குழந்தை உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தச் சான்றிதழே தேவைப்பட்டிருக்காதே! எந்தப் பிள்ளையா இருந்தாலும் சேத்துக்கணும், காகிதம் இருக்கா இல்லையான்னு பள்ளிக்கூடம் கேக்கவே கூடாது. அது எப்பவோ வந்த தீர்ப்பு" என்றார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யுரிடியா என்ற பெயரிலேயே சேர்த்திருக்கலாமாம், அக்கா. யாரும் போலீஸைக் கூப்பிட்டிருக்க மாட்டார்களாம். நமக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

ஆலோசகர் அம்மா நல்லவர். "அந்தத் தாய் எழுதிக் குடுத்துட்டா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார். மார்ச் இரண்டுக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

குழந்தை விண்ணப்பத்தில் தன் சொந்தப் பெயரை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக் காகிதத்தில் அவள் அதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

தம்பி
பிதென்சியோ

லாஸ் வேகாஸ்
6 ஜனவரி 2019

தம்பிக்கு,

புது வருஷ வாழ்த்து. மச்சானுக்கு ரத்த அழுத்தம், உப்பைக் குறைத்திருக்கிறோம். வீட்டில் சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை.

தேவையில்லாத சான்றிதழா? நன்றாக இருக்கிறது. பதின்மூன்று வருஷம் கழித்து வந்து சொல்கிற புண்ணியவதி அன்றைக்கு எங்கே போயிருந்தாளாம்? பதவியில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் எளிது. சட்டம் அவர்கள் மேஜையில் கிடக்கும், பயம் நம் வீட்டில் கிடக்கும்.

நான் ஒரு யோசனை சொல்கிறேன். உனக்கு மூளை கிடையாது, என்னுடையதையாவது பயன்படுத்து. எதற்குப் பெயரை மாற்ற வேண்டும்? டலிலா என்றே காலேஜுக்கும் போகட்டும். டலிலா இங்கே பிறந்த அமெரிக்கக் குடிமகள். மாநிலத்தின் பிச்சைக்காசு என்ன, வாஷிங்டன் மத்திய அரசின் உதவியே கிடைக்கும். சத்தியப் பத்திரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். படிப்பு முடிந்தால் வேலை செய்யவும் காகிதம் தயார். என் மகளுக்குப் படிப்பு ஏறவில்லை, நகம் பாலிஷ் போடுகிற கடையில் இருக்கிறாள். அந்தப் பெயர் சும்மாதான் கிடக்கிறது. இதில் யாருக்கு நஷ்டம்?

நன்றாக யோசித்து எழுது. யோசிப்பது உனக்குப் பழக்கமில்லை என்று தெரியும்.

ஒப்துலியா

பல்மிட்டோ
15 ஜனவரி 2019

அன்புள்ள அக்கா,

சுகம். திராட்சைக் கொடிகளைக் கழிக்கும் கவாத்து நடக்கிறது, விரலெல்லாம் வெடிப்பு. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் யோசனை எனக்குப் பிடித்தது. மறைக்க மாட்டேன். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு கொடி வெட்டினேன். பிறகு குழந்தையிடம் சொன்னேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "அப்புறம் என்னப்பா? டலிலான்னு நர்ஸ் ஆகி, டலிலான்னு கல்யாணம் பண்ணி, டலிலான்னே செத்துப் போகவா? அங்க நெஜ டலிலா ஒரு நாள் எனக்கும் படிக்கணும்னு வந்து நின்னா என்ன பண்ணுவீங்க? ஒரு ஆளு ரெண்டு எடத்துல படிக்குதுன்னு பிடிச்சா ஜெயிலுக்குப் போறது யாரு, அத்தையா?" என்றாள். பிறகு, "எனக்குப் பிச்சைக்காசே போதும். என் பேருல வந்தா சரி" என்றாள்.

தாயில்லாத பிள்ளை, அவள் கேட்டது இது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டு அனுப்பு, அக்கா.

பிதென்சியோ

பல்மிட்டோ
20 ஜனவரி 2019

மதிப்புக்குரிய ஒப்துலியா அத்தைக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்காலும் மாமாவின் ரத்த அழுத்தமும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது.

உங்கள் கடிதங்களை அப்பா சமையலறை டப்பாவில் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் படித்தேன். முதுகெலும்பு இல்லாதவன், திருட்டு மாங்காய் தின்றவன், மூளை இல்லாதவன். நன்றாக எழுதுகிறீர்கள்.

வெள்ளிக்கிழமை, இந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கிற மாவட்ட அலுவலகத்தில் என் சேர்க்கை அட்டையை எடுத்துக் காட்டினார்கள். 2006 ஆகஸ்ட், மழலை வகுப்பு. "தாய்" என்ற இடத்தில் ஒப்துலியா மொந்தெரோ என்று நீல மையில் ஒரு கையெழுத்து. கிறிஸ்துமஸ் அட்டைகளில் வருஷா வருஷம் பார்க்கிற கையெழுத்து, அந்த வால் நீண்ட 'ஓ'. தகப்பன் கையெழுத்து இல்லை. அப்பாவுக்கு அப்போது தன் பெயரே எழுத வராது. அன்றைக்கு அவர் திராட்சை பறிக்கப் போயிருந்தார். என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள். வாசலில், "இங்க உன் பேரு டலிலா, மறந்துடாதே" என்று என் கன்னத்தைக் கிள்ளிச் சொன்னதும் நீங்கள்தான். எனக்கு ஐந்து வயது. மறக்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, அவதான். அதைச் சொல்லிக் காட்டாதே. கேக்கற எடத்துல இருக்கிறது நாம" என்றார். அதனால்தான் நீங்கள் எழுதியதையெல்லாம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார். இதற்குப் பெயர் முதுகெலும்பு இல்லாமை என்றால், இருப்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் காட்டலாம். மார்ச் இரண்டு வரை நேரம் இருக்கிறது.

யுரிடியா

லாஸ் வேகாஸ்
11 பிப்ரவரி 2019

யுரிடியாவுக்கு,

ஆசிகள். உன் கடிதத்தை மூன்று வாரம் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

சரி, நான்தான். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், உன் அப்பனுக்கு அதுவும் தெரியாது. காகிதம் இல்லாத குழந்தை என்று தெரிந்தால் உன்னையும் அவனையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். டலிலாவை நெவாடாவுக்கு அழைத்துப் போகப் போகிறோமே, இங்கே அவள் பெயர் காலிதானே என்று கொடுத்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன், குழந்தை. இது சத்தியம்.

மார்ச் பதினான்கு எனக்குக் குடியுரிமை நேர்காணல். பதினெட்டு வருஷம் காத்திருந்து வந்த தேதி. ஃபாரத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: எப்போதாவது அதிகாரிகளிடம் பொய்த் தகவல் கொடுத்தது உண்டா? "இல்லை" என்று கட்டத்தில் குறி போட்டிருக்கிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால் "ஆமாம், கொடுத்தேன்" என்று நோட்டரியிடம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா? உன் அப்பனைத் திட்டி எழுதியது அதற்காகத்தான். நாளைக்கு என் கடிதங்கள் எவன் கையில் சிக்கினாலும் அவன்தான் செய்தான் என்று இருக்கட்டும். அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது.

ஏப்ரலில் சத்தியப் பிரமாணம் முடியட்டும், கையெழுத்துப் போடுகிறேன். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனால் என்ன குடி முழுகிவிடும்? உனக்குப் பதினெட்டு வயதுதான். ரோஷத்தைக் கொஞ்சம் சுருட்டி வை, அது சோறு போடாது.

அத்தை

பல்மிட்டோ
3 மார்ச் 2019

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். பாதாம் மரமெல்லாம் பூத்துக் கொட்டிவிட்டது. நீ குழந்தைக்கு எழுதியதைப் படித்தேன்.

நேற்றோடு தேதி முடிந்தது. வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன், உன்னிடம் சொல்லிவிடுகிறேன். மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னேன். அங்கே இருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "தாய்னு போட்டிருக்கே, நீங்களா தாய்?" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "என் அக்கா பேரைப் போட்டது நான்தாம்மா" என்றேன். "அப்படியா? இதுல அதே மாதிரி போடுங்க" என்று ஒரு தாளைத் தள்ளினாள்.

ஒரு வாரமாக உன் கடிதங்களை வைத்துக்கொண்டு எழுதிப் பழகியிருந்தேன். இருந்தும் அந்த 'ஓ'வின் வால் சரியாக வரவில்லை. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்யைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. வீட்டுக்குப் போங்கய்யா, போலீஸைக் கூப்பிட வைக்காதீங்க" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

குழந்தை கூடவே நின்றுகொண்டிருந்தாள். அவளை வெளியே நிற்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கா. இன்னமும் இருக்கிறது.

உன் நேர்காணல் நல்லபடி நடக்கட்டும்.

பிதென்சியோ

லாஸ் வேகாஸ்
3 மே 2019

அன்புத் தம்பிக்கு,

நலம். நான் இப்போது அமெரிக்கக் குடிமகள். போன வெள்ளிக்கிழமை இருநூறு பேரோடு கையைத் தூக்கி சத்தியம் செய்தேன். ஆளுக்கு ஒரு சின்னக் கொடி கொடுத்தார்கள். நேர்காணலில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இல்லை என்றேன். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கையெழுத்து விஷயமாக வக்கீலைக் கேட்டேன். இப்போது கொடுத்தால் இன்னும் மோசமாம். பொய் சொல்லி வாங்கியது என்று கொடுத்ததையே பிடுங்கலாமாம். முன்னால் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம், இப்போது போய்விடுமோ என்று பயம். ஆகவே என்னால் முடியாது. இன்றும் முடியாது, என்றும் முடியாது. இதற்கு மேல் எழுதித் தொந்தரவு செய்யாதே.

உன்னைப் போல் ஒன்றுமில்லாதவனுக்கு இதெல்லாம் புரியாது. ஆனாலும் குழந்தையின் பள்ளிப் பட்டமளிப்பு விழாவுக்கு நானும் டலிலாவும் வருகிறோம். நல்ல இடமாகப் பார்த்து நாற்காலி பிடித்து வை. என்னால் வெயிலில் நிற்க முடியாது.

ஒப்துலியா

பல்மிட்டோ
10 ஜூன் 2019

ஒப்துலியா அத்தைக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நாங்கள் இங்கே சுகம்.

விழா முடிந்து வாசலில் என் கையைப் பிடித்து, "ஏன்டி எந்திரிக்கல? இத்தன பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே" என்று கேட்டீர்கள். அப்பா பக்கத்தில் இருந்ததால் பேசாமல் இருந்தேன். இப்போது பதில் எழுதுகிறேன்.

"டலிலா மொந்தெரோ" என்று மேடையில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்தவள் என் விலாவில் இடித்தாள். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயரைக் கேட்டதும் கை தட்டியது நீங்கள் ஒருவர்தான், மார்பில் கொடி பேட்ஜோடு. உங்கள் பக்கத்தில் டலிலா போனிலிருந்து தலையைத் தூக்கி, யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தாள். பாவம், அங்கே சரியாக நடந்துகொண்டது அவள் மட்டும்தான். கூப்பிட்டது அவளைத்தானே. நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

பல்கலைக்கழக இடம் போய்விட்டது. கட்டணம் கட்ட எங்களால் முடியாது, உதவி வாங்க யுரிடியா எங்கேயும் படித்ததில்லை. வயது வந்தோர் பள்ளியில் படிக்கிற வருஷங்களும் அந்தச் சட்டத்தில் சேரும் என்று ஆலோசகர் அம்மா சொன்னார். அடுத்த திங்கட்கிழமை சேர்கிறேன். பகலில் அப்பாவோடு திராட்சை, சாயங்காலம் வகுப்பு. தெரிந்த கணக்கையே ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று வருஷம் திரும்பப் போட வேண்டும். அதைக் கேட்டு அப்பா அழுதார். நானும் அழுதேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நீங்கள் பயந்ததை என்னால் மன்னிக்க முடியும், பயம் எங்களுக்கும் தெரியும். பயந்து நடுங்கிக்கொண்டே அப்பாவைக் கோழை என்று எழுதிக்கொண்டிருந்தீர்களே, அதை மன்னிக்கத்தான் மனசு வரவில்லை. இனிமேல் அவருக்கு எழுத வேண்டாம். அவர் திரும்பவும் பணிவாகப் பதில் எழுதுவார், என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் தபாலில் அனுப்பினார்கள். இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் மகளுடையது, கூடத்தில் மாட்டுங்கள். எல்லாப் பாடத்திலும் 'ஏ', சரித்திரத்தில் மட்டும் ஒரு 'பி'. அந்த வாரம் அப்பாவோடு கவாத்துக்குப் போயிருந்தேன். டலிலா மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு,
யுரிடியா சந்தியாகோ